தோட்டத்து லயத்திலிருந்து நாட்டின் சராசரி வருமானம் வரை எத்தனை தலைமுறை? பணக்கார நாடுகளின் கணக்கும் பேராக் தோட்டங்களும்

டென்மார்க்கில் மிகக் குறைந்த வருமானம் உள்ள ஒரு குடும்பம், நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட இரண்டு தலைமுறை ஆகும். நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்தில் மூன்று. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஐந்து. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் ஆறு. இந்தியாவில் ஏழு, கொலம்பியாவில் பதினொன்று. பெரும்பாலும் பணக்கார நாடுகள் உறுப்பினர்களாக இருக்கும் ஓஇசிடி அமைப்பு 2018ல் வெளியிட்ட கணக்கு இது.

நீங்க சுங்கை சிப்புட்டிலோ சிம்மோரிலோ தாப்பாவிலோ வேர் உள்ளவர் என்றால், இந்தக் கணக்கை உங்க வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். பூட்டன் கப்பல் ஏறி வந்தார். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். அப்பா லாரி ஓட்டினார், இல்லைன்னா தொழிற்சாலைக்குப் போனார். நீங்க டிப்ளோமா முடித்துவிட்டு கோலாலம்பூரில் வேலை பார்க்கிறீங்க, அல்லது ஈப்போவில் கிராப் ஓட்டுறீங்க. இது ஏற்றமா? ஏற்றம் என்றால் எத்தனை படி?

பணக்கார நாடுகளில் இதை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவுகோலைக் கொண்டுவந்து பேராக்கில் வைத்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்போம்.

ஏற்றத்தாழ்வு, ஏற்றம், நல்வாழ்வு: மூன்றும் ஒன்றா?

இல்லை. ஆனா பேசும்போது மூன்றையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறோம்.

ஏற்றத்தாழ்வு என்பது இன்று எடுத்த ஒரு போட்டோ மாதிரி. இந்த வருஷம் யாரிடம் எவ்வளவு வருமானம், இடைவெளி எவ்வளவு என்பதுதான் அதில் தெரியும். இதற்கு அதிகம் பயன்படும் எண் ஜினி குறியீடு. எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் 0, ஒரே ஆளிடம் எல்லாம் போய்விட்டால் 1. சமூக ஏற்றம் என்பது இரண்டு போட்டோக்களை ஒப்பிடுவது: அப்பா அம்மா எந்தப் படியில் நின்றார்கள், பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள்? நல்வாழ்வு வேறு சங்கதி. உடல்நலம், பாதுகாப்பு, உறவு, "என் வாழ்க்கை பரவாயில்லை" என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்தது அது.

ஜினியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வரியும் அரசு உதவியும் சேர்வதற்கு முன் பார்த்தால், ஃபின்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டும் 0.5ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. வரி பிடித்து, ஓய்வூதியம், குழந்தை உதவித்தொகை எல்லாம் கொடுத்த பிறகு ஃபின்லாந்து ஏறக்குறைய 0.27க்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்கா 0.39 அளவில் நின்றுவிடுகிறது. ஆக, வட ஐரோப்பியர்கள் பிறவியிலேயே சமத்துவவாதிகள் என்று சொல்வதைவிட, அங்கே வரி அலுவலகம் நிறைய வேலை செய்கிறது என்று சொல்வதுதான் சரி.

நம்ம பக்கத்து நாட்டையும் பாருங்க. சிங்கப்பூரில் 2023ல் வரிக்கும் உதவிக்கும் முன் ஜினி 0.433, பிறகு 0.371. மலேசியாவின் கணக்கு, புள்ளிவிவரத் துறை வெளியிட்டபடி, 1970ல் 0.513 ஆக இருந்து 2022ல் 0.404க்கு வந்திருக்கிறது. இது வரிக்கு முந்தைய குடும்ப வருமானக் கணக்கு. அதனால் ஃபின்லாந்தின் 0.27க்குப் பக்கத்தில் அப்படியே வைத்து ஒப்பிட வேண்டாம். ஆனா 50 வருஷத்தில் இறங்கியிருக்கிறது என்பது உண்மை.

படிகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஏற முடியுமா?

கனடாவைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர் மைல்ஸ் கோராக் ஒரு வரைபடம் போட்டார். ஒரு பக்கம் நாடுகளின் ஏற்றத்தாழ்வு. இன்னொரு பக்கம், பெற்றோரின் வருமான நிலை பிள்ளையிடம் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்ற அளவு. ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள நாட்டில் அந்த ஒட்டுதலும் அதிகமாக இருந்தது. 2012ல் அமெரிக்கப் பொருளாதார ஆலோசகர் ஆலன் க்ரூகர் இதற்கு 'கிரேட் கேட்ஸ்பி வளைகோடு' என்று பெயர் வைத்தார்.

ஒட்டுதல் என்றால் என்ன? ஒரு அப்பா சராசரியைவிட மாதம் 1,000 வெள்ளி குறைவாகச் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்க. டென்மார்க்கில் அவர் பிள்ளை, தோராயமாகச் சொன்னால், சராசரியைவிட 150 வெள்ளிதான் குறைவாக இருப்பார். அமெரிக்காவில் அந்தக் குறை 500 வெள்ளிக்குச் சற்றுக் கீழே இருக்கும். கனடா டென்மார்க்குக்குப் பக்கத்தில், பிரிட்டன் அமெரிக்காவுக்குப் பக்கத்தில்.

புதுடெல்லியில் பிறந்து ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ராஜ் செட்டி இன்னொரு விதமாக அளந்தார். அடித்தட்டு 20 சதவீதத்தில் பிறந்த குழந்தை மேல்தட்டு 20 சதவீதத்துக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவு? அமெரிக்காவில் 7.5 சதவீதம். பிரிட்டனில் 9, டென்மார்க்கில் 11.7, கனடாவில் 13.5. 'அமெரிக்கக் கனவு' நிறைவேற கனடாவுக்குப் போகணும் போல!

ஆனா செட்டியின் ஆய்வில் நமக்கு முக்கியமானது இன்னொன்று. ஒரே அமெரிக்காவுக்குள் சான் ஹோசே நகரில் அந்த வாய்ப்பு 12.9 சதவீதம், ஷார்லட் நகரில் 4.4 சதவீதம். நாடு ஒன்றுதான், சட்டம் ஒன்றுதான். வளர்ந்த இடம் வேறு. வறுமை மிகுந்த குடியிருப்பிலிருந்து 13 வயதுக்கு முன்பே நல்ல பகுதிக்கு மாறிய பிள்ளைகள், பெரியவர்களான பிறகு 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2015ல் அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். அதாவது 'மலேசியாவில் ஏற முடியுமா?' என்று கேட்பது போதாது. புந்தோங்கில் இருந்து ஏற முடியுமா, சுங்கை சிப்புட்டின் ஒரு தோட்டத்தில் இருந்து ஏற முடியுமா என்று கேட்கணும்.

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் பேராக்

2022ல் மலேசியக் குடும்பங்களின் நடுநிலை வருமானம் மாதம் 6,338 வெள்ளி. நடுநிலை என்றால், எல்லாக் குடும்பத்தையும் வரிசையாக நிற்க வைத்தால் சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம். இந்தியக் குடும்பங்களுக்கு மட்டும் பார்த்தால் 6,627. தேசிய அளவைவிட அதிகம். "அப்புறம் என்ன பிரச்சினை? நம்மாளுங்க நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்க இந்த ஒரு எண் போதும். அப்படிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போ அதே புள்ளிவிவரத்தை மாநிலவாரியாகப் பாருங்க. கோலாலம்பூர் 10,234. சிலாங்கூர் 9,983. பேராக் 4,494. மலேசிய இந்தியர்களில் பெரும் பகுதி சிலாங்கூரிலும் தலைநகரிலும் வாழ்கிறார்கள். சம்பளம் கூடுதல், வாடகையும் கூடுதல். அந்த வருமானம் இந்திய நடுநிலையை மேலே தூக்கிவிடுகிறது. சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் வீட்டில் மூன்று பேர் சம்பளத்தில் ஓடும் குடும்பம் இந்த எண்ணுக்குள் காணாமல் போய்விடுகிறது.

பேராக் ஏன் இவ்வளவு கீழே? ஒரு காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்தது. ஈப்போவின் பழைய நகரக் கட்டடங்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை. ரப்பரும் இங்கே வேர் விட்டதுதான். 1877ல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே மரமாக நிற்கிறது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது, ஈயலம்பங்கள் வரிசையாக மூடின. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. தேவைப்பட்ட ஆட்களும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். வேலை தெற்கே கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் வடக்கே பினாங்குக்கும் போனது, பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள்.

ஒரே கடிதத்தில் போன வீடு, வேலை, பள்ளி

வருமானத்தை மட்டும் அளந்தால் தோட்டக் கதை பாதிதான் புரியும். மீதி சொத்தில் இருக்கிறது.

தோட்டத்தில் கூலி குறைவு. ஆனா லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. பக்கத்தில் ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில், மருந்து கொடுக்கும் ட்ரெஸ்ஸர். விடியற்காலை பெரட்டுக்குப் போனால் அன்றைய கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்திருப்பார்கள். சுவரில் சுண்ணாம்பு அடித்தது அவர்கள், பின்னால் முருங்கை வைத்தது அவர்கள். வீடு மட்டும் அவர்களுடையது அல்ல.

1980களிலும் 90களிலும் தோட்டங்கள் கைமாறி, வீட்டுத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியபோது, வேலை நிறுத்தக் கடிதம் வந்தது. அந்த ஒரு கடிதத்தில் வேலை போனது, வீடு போனது, பிள்ளைகளின் பள்ளியும் கோயிலும் கேள்விக்குறி ஆயின. பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வேலை போனால் வீடும் சேர்ந்து போவதில்லை.

இழப்பீடு கிடைத்ததே என்பீர்கள். கணக்குப் போடுவோம். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் கூலி. 30 வருஷம் பால் வெட்டிய ஒருவருக்கு நாள் கூலி 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 30 x 20 x 20, அதாவது 12,000 வெள்ளி. 1982லிருந்து 1998 வரை மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்திருந்த உச்ச விலை 25,000 வெள்ளி. முப்பது வருஷ உழைப்புக்கான இழப்பீடு, நாட்டிலேயே மலிவான வீட்டில் பாதிக்குக்கூட வரவில்லை. சேம நிதி இருந்தது, ஆனா குறைந்த கூலியில் பிடித்த சேம நிதியும் குறைவுதான். கடன் வாங்கலாம் என்றால், 50 வயதில் வேலை போனவருக்கு எந்த வங்கி கொடுக்கும்?

இதையும் பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டால் ஒரு விசித்திரம் தெரியும். ஸ்வீடனில் வருமான ஏற்றத்தாழ்வு குறைவு, ஆனா சொத்து ஏற்றத்தாழ்வு அதிகம். அங்கே பலர் பெரிதாகச் சேமிப்பதில்லை. ஓய்வூதியமும் மருத்துவமும் கல்வியும் அரசு பார்த்துக்கொள்ளும்போது சொந்த சொத்து இல்லாமலும் நிம்மதியாக வாழலாம். இங்கே அப்படி இல்லை. ஒரு வீடும் சேம நிதியும்தான் முதுமைக்குத் துணை. அதனால் லயத்தை விட்டு வெறுங்கையோடு வெளியேறுவது என்பது, அடுத்த தலைமுறை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பது என்று அர்த்தம். அப்பா காலமானால் பிள்ளைக்கு வரவேண்டிய வீடு வரவில்லை. அதே வருஷத்தில் ஈப்போவில் ஒரு கடைவீடு வைத்திருந்தவரின் பிள்ளைக்கு அது வந்தது. இருவரும் இன்று ஒரே ஆபீஸில் ஒரே சம்பளம் வாங்கலாம். ஜினி இருவரையும் ஒன்றாகத்தான் எண்ணும்.

பத்து வெள்ளிப் பங்கு

இதை 1960லேயே ஒருவர் பார்த்துவிட்டார். சுங்கை சிப்புட்டில் பிறந்து, அதே தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன்.

சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டிருந்தன. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்று அன்றைய பத்திரிகைகள் எழுதிய விவகாரம் இது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்ன யோசனை எளிமையானது: நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டுங்க, நாமே தோட்டத்தை வாங்குவோம். அப்படிப் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1961ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அதன் பிறகு பல தோட்டங்கள். சங்கம் இன்றும் இருக்கிறது, கோலாலம்பூரில் அதன் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.

ஒரு கொள்கையாகப் பார்த்தால், இது காலத்துக்கு மிகவும் முந்திய யோசனை என்றே சொல்வேன். கூலியை உயர்த்துங்கள் என்று கேட்பது ஒரு வழி. கூலிக்காரரையே சொத்துக்காரர் ஆக்குவது இன்னொரு வழி. ஆனா அளவு போதவில்லை. கூட்டுறவு காப்பாற்றியது ஒரு பகுதிதான். நாட்டின் பெரும்பாலான தோட்டத் தொழிலாளர்கள் கம்பெனிகளின் லயங்களில்தான் இருந்தார்கள். அந்தக் காலத்தில் பலரிடம் நீல அடையாள அட்டைகூட இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போனார்கள். சிவப்பு அட்டையோடு இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் சிலருக்கு அந்தச் சிக்கல் பல வருஷம் தொடர்ந்தது. ஏணியில் ஏறுவதற்கு முன் ஏணி இருக்கும் அறைக்குள் நுழையவே சீட்டு வேணும், இல்லையா?

'உனக்கு யாரைத் தெரியும்?'

2022ல் செட்டியின் குழு ஃபேஸ்புக்கில் 2,100 கோடி நட்புத் தொடர்புகளை ஆராய்ந்தது. ஏழைப் பிள்ளைகள் ஏறுவார்களா என்பதை மிக நன்றாகக் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? வசதியான வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அவர்களுக்கு நண்பர்கள் என்பதுதான். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவு அப்படிப்பட்ட நட்பு ஏழைப் பிள்ளைகளுக்கும் இருக்கும் ஊரில் வளர்ந்தால், அவர்களின் பிற்கால வருமானம் சராசரியாக 20 சதவீதம் உயரும் என்று கணக்கிட்டார்கள்.

தோட்டத்தில் இது எப்படி இருந்திருக்கும்? லயத்தில் எல்லாருக்கும் ஒரே வேலை. மேலே பார்த்தால் தண்டல், அதற்கு மேல் கிராணி, பள்ளி வாத்தியார், ட்ரெஸ்ஸர். துரையின் பங்களா மேட்டில். ஒரு பிள்ளை 'நான் என்ன ஆகலாம்' என்று யோசித்தால் கண்ணில் படுவது நாலு வேலைதான். வக்கீலையோ எஞ்சினியரையோ பார்க்கவே டவுனுக்குப் போகணும். தோட்டத்திலிருந்து முதலில் ஏறியவர்களில் ஆசிரியர்கள் அதிகம் என்பது தற்செயல் இல்லை.

இன்றும் இது முடியவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது. பேராக்கில் சுமார் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டம் காலியான பிறகு கொஞ்சம் மாணவர்களோடு நடப்பவை. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை மலாய்க்கு மாறுகிறது, புதிய நண்பர் வட்டத்துக்குள் போகிறது. அங்கே யார் வழிகாட்டுகிறார்கள் என்பதுதான் எஸ்.பி.எம்.க்குப் பிறகு என்ன என்பதைத் தீர்மானிக்கிறது. மெட்ரிகுலேஷனா, படிவம் ஆறா, பாலிடெக்னிக்கா, தனியார் கல்லூரிக்கு பி.டி.பி.டி.என். கடனா? ஒவ்வொன்றுக்கும் செலவும் வேறு, பலனும் வேறு. மெட்ரிகுலேஷனில் 90 சதவீத இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு, 10 சதவீதம் மற்றவர்களுக்கு என்ற ஒதுக்கீடு பல வருஷ மனக்குறை. 2024 ஜூனில் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.மில் 10ஏ எடுத்த எல்லா மாணவர்களுக்கும் இனம் பார்க்காமல் இடம் என்று அறிவித்தார். நல்ல விஷயம். ஆனா 10ஏ எடுக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே பாதி ஏணி இருக்கிறது. 4ஏ எடுத்துவிட்டு விண்ணப்பத் தேதியைத் தவறவிடும் பிள்ளையைப் பற்றி யாரும் அறிக்கை விடுவதில்லை.

டென்மார்க்கிலும் எல்லாம் பள்ளியால் நடக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லணும். ராஸ்முஸ் லாண்டர்சோ, நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இருவரும் ஆராய்ந்தபோது, படிக்காத பெற்றோரின் பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போவதில் டென்மார்க் அமெரிக்காவைவிடப் பெரிதாக முன்னால் இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே துப்புரவுத் தொழிலாளிக்கும் அலுவலக மேலாளருக்கும் கைக்கு வரும் பணத்தில் இடைவெளி குறைவு. படிகள் நெருக்கமாக இருப்பதால் ஏறுவது சுலபம், வழுக்கினாலும் அடி அதிகம் இல்லை.

அந்தக் கண்ணோடு மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பாருங்க. 2013ல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2022ல் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. பெரட்டுக் களத்தில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்ற காலத்தில் இப்படி ஒரு தரைமட்டமே சட்டத்தில் இல்லை.

மகிழ்ச்சியில் யார் முன்னால்?

உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018லிருந்து 2025 வரை ஒவ்வொரு வருஷமும் ஃபின்லாந்துதான் முதலிடம். அமெரிக்கா 2025ல் 24வது இடம், அதுவரை அந்த நாடு கண்ட மிகக் கீழான இடம். பணம் எந்த நாட்டில் அதிகம் என்று பார்த்தால் அமெரிக்காதான் முன்னால்.

இந்த அறிக்கைக்கான கேள்வி ஒன்றே ஒன்றுதான். பத்துப் படி உள்ள ஏணியைக் கற்பனை செய்யுங்கள், உங்க வாழ்க்கை எந்தப் படியில் இருக்கிறது? ஆய்வாளர்கள் பதில்களை ஆறு காரணங்களோடு ஒப்பிடுகிறார்கள்: வருமானம், ஆரோக்கியமான ஆயுள், சுதந்திரம், பிறருக்குக் கொடுக்கும் பழக்கம், ஊழல் குறைவு, கஷ்டத்தில் நம்பிப் போக ஒரு ஆள். கடைசிக் காரணத்தில்தான் தோட்டக் கதை சிக்கலாகிறது.

பாட்டி தாத்தாக்கள் "தோட்டத்துல நல்லா இருந்தோம்" என்று சொல்வதை நீங்க கேட்டிருப்பீங்க. கேட்டுவிட்டுக் குழம்பியும் இருப்பீங்க. விடியலில் கொசுக்கடியில் பால் வெட்டி, ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு திரும்பிய வாழ்க்கையா நல்ல வாழ்க்கை? குறைந்த கூலி, துரையின் அதிகாரம், கள்ளுக்கடைச் சண்டை எல்லாம் அவர்களுக்கும் நினைவிருக்கிறது. ஆனா அவர்கள் சொல்வது வருமானத்தைப் பற்றி அல்ல. பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. சாவு விழுந்தால் லயமே கூடியது. அதையெல்லாம் பிரித்து, ஐந்தாவது மாடி ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யாத வீட்டில் உட்கார வைத்தபோது, புள்ளிவிவரப்படி அவர்கள் நகரவாசிகள் ஆகி முன்னேறியிருந்தார்கள்.

இன்று பேராக் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்று. ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கோலாலம்பூர். வெள்ளிக்கிழமை மாலையும் தீபாவளிக்கு முந்தின நாளும் அந்த ரயிலில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். சம்பளம் அங்கே, அம்மா அப்பா இங்கே. நடுநிலை வருமானம் 10,234க்கும் 4,494க்கும் இடையே உள்ள தூரத்தைப் பிள்ளைகள் மாதம் இரண்டு முறை கடக்கிறார்கள்.

உங்க வீட்டுக் கணக்கைப் போட நினைத்தால், சம்பளத்தை மட்டும் கேட்காதீங்க. அப்பாவின் முதல் சம்பளம் எவ்வளவு, அப்போ வீட்டு வாடகை எவ்வளவு, தோட்டத்தை விட்டு வரும்போது கையில் என்ன கொடுத்தார்கள், முதல் வீடு எந்த வருஷம் யார் பெயரில் வாங்கியது, யார் கையெழுத்துப் போட்டு உதவினார்? தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குப் புத்தகம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்க. பத்து பத்து வெள்ளியாக வாங்கிய அந்தப் பங்குக்கு வாரிசு நீங்களாகவும் இருக்கலாம்.